கஷ்டப்படும் குடும்பங்களுக்கு யார் கைகொடுப்பார்கள்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதலில் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். பிறகு ஒரு உள்ளூர் நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து மூதூர், வெருகல், குச்சவெளி, தம்பலகாமம் என்று பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் அலைந்தேன். போன இடமெல்லாம் பெண்கள் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வேப்பமரத்தடியில் பாய் விரித்துச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகளை அரசாங்கம் மாற்றலாம், அதை மட்டும் அவ்வப்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

உதவி வேண்டுமென்றால் முதலில் யாரிடம் போக வேண்டும்?

கிராம அலுவலரிடம். ஜீ.எஸ். என்கிறோமே, அவர்தான். நமது மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. எந்தச் செயலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அவருடைய வதிவிடச் சான்றிதழைத்தான். அவர் எந்தெந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டு வைத்திருங்கள், வீண் நடை குறையும்.

அவருக்கு அடுத்து, அரசாங்கத்தின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர். செயலகத்துக்குள் சமூக சேவை, பெண்கள் அபிவிருத்தி, சிறுவர் உரிமை மேம்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இருப்பார். ஆனால் எல்லோரும் மறந்துபோகிற ஒருவர் இருக்கிறார்: குடும்பநல உத்தியோகத்தர், நம் வாயில் மிட்வைஃப் மிஸ். அடுப்படி வரை வருகிற ஒரே அரச உத்தியோகத்தர் அவர். பிள்ளையின் நிறை குறைந்தால் திரிபோஷா என்ற சத்துமாவை எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். வீட்டில் உலை வைக்கவில்லை என்பதை நீங்கள் சொல்ல வெட்கப்பட்டாலும் பிள்ளையின் கிளினிக் கார்ட் அவரிடம் சொல்லிவிடும். அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எந்த நிறுவனம் எந்த ஊரில் வேலை செய்கிறது என்பதும் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சமுர்த்தி நின்றுவிட்டதா? அஸ்வெசும என்பது வேறா?

1995இல் தொடங்கிய சமுர்த்தியின் மாதாந்த உதவித்தொகைக்குப் பதிலாகத்தான் 2023 ஜூலையிலிருந்து அஸ்வெசும வந்தது. சமுர்த்தி வங்கி அப்படியே இருக்கிறது. உங்கள் சேமிப்பும் அங்கேதான் இருக்கிறது. "சமுர்த்தி போய்விட்டது, புத்தகம் எதற்கு?" என்று ஒரு அக்கா பாஸ் புத்தகத்தைக் கிழிக்கப் போனார், நான் பிடுங்கி வைத்தேன்.

அஸ்வெசுமவில் யார் வீட்டைத் தெரிவு செய்வது என்பதை உத்தியோகத்தர் ஒருவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பகுதிகளில் 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா. 2025இல் அவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் கூடின. இவர்களைவிடக் கொஞ்சம் வசதியான இரண்டு பிரிவுகளுக்கும் தொகையும் காலமும் குறைவாகவே இருந்தன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு.

எங்கள் பெயர் பட்டியலில் இல்லை. மாடி வீட்டுக்காரருக்கு வருகிறது. இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தை ஜீ.எஸ்.ஸின் வாசலில் கொட்டினால் ஒன்றும் நடக்காது. புள்ளியைக் கணக்குப் போடுவது கணினி, அதற்குள் போன தகவல் பிழையென்றால் முடிவும் பிழையாகத்தான் வரும். கணக்கெடுக்க வந்த பிள்ளையிடம் பாட்டனுடைய பழைய உழவு இயந்திரத்தைச் "சொந்தம்" என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு, பெயர் விழவில்லை என்று அழுத வீடும் எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது மேன்முறையீடு. பட்டியல் வெளிவந்ததும் அதற்குக் காலக்கெடு கொடுப்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். தகுதியில்லாதவர் பெயர் இருந்தால் ஆட்சேபனையும் எழுதலாம். பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். மேன்முறையீட்டில் "நாங்கள் ஏழைகள்" என்று ஒரு பக்கம் எழுதுவதால் பயனில்லை. எந்த அளவுகோலில் பிழை நடந்தது என்று எழுதுங்கள்: கூரை தகரம், வீட்டில் வலிப்பு நோயாளி ஒருவர், மின்சார பில் இவ்வளவு. இதை எழுதிக் கொடுக்கச் சங்கத்தில் ஒருவர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்தக் காசு வந்தால் வறுமை போய்விடுமா?

போகாது. ஒரு ஆள் அடிப்படைத் தேவைகளோடு ஒரு மாதம் வாழத் தேவையான தொகையைத் தொகைமதிப்புத் திணைக்களம் மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. விலைவாசி ஏறிய பிறகு அது ஒருவருக்கு 16 ஆயிரம் ரூபாவை ஒட்டி நிற்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். 10,000 ரூபா எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் வறுமைக்கு ஒரு பருவம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காது. அதே நேரத்தில் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சீசனும் முடிந்துவிடும். கடலுக்குப் போகிற அப்பாவுக்கும் ஹோட்டலில் துணி துவைக்கிற அம்மாவுக்கும் ஒரே மாதத்தில் வேலை போகிறது. வயல் ஊர்களில் பெரும்போக விதைப்புக்குக் கொஞ்சம் கூலி கிடைக்கும், பிறகு மாசி, பங்குனி அறுவடை வரை கை காய்ந்துதான் இருக்கும். அதற்கிடையில் பள்ளிக்கூடம் தொடங்கும்: சப்பாத்து, பை, கொப்பி. கிழக்கில் ஒரு குடும்பம் கடனில் விழுகிற மாதங்கள் எவை என்று கேட்டால் கார்த்திகையிலிருந்து தை வரை என்பேன். நல்ல நிறுவனம் தன் உதவியை இந்த மாதங்களைப் பார்த்து அமைக்கும். மற்றவை தங்கள் நிதியாண்டைப் பார்த்து அமைக்கும்.

அப்படியானால் சங்கங்களும் நிறுவனங்களும் உண்மையில் என்னதான் செய்கின்றன?

நான் பார்த்தவரை, சாமான் கொடுப்பதைவிடப் பெரிய வேலை கூட நடப்பது. ஒரு பெண் தனியாகச் செயலகத்துக்குப் போனால் "அந்த சேர் இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள். சங்கத் தலைவி கூடப் போனால் அந்த சேர் உள்ளேதான் இருப்பார். இது நல்ல வழக்கமல்ல, ஆனால் நடைமுறை இதுதான்.

ஊருக்குள் இருப்பவை: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம். வெளியிலிருந்து வருபவை: தொண்டு நிறுவனங்கள், மதம் சார்ந்த அமைப்புகள், 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயம் போன்ற நாடளாவிய இயக்கங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை பெயர்ப்பலகைகள் முளைத்தன என்று எண்ணி முடியாது. இப்போது பலகைகளின் துருவைத்தான் எண்ணலாம். ஊருக்குள்ளேயே பிறந்த சங்கங்கள்தான் பெரும்பாலும் நின்று பிடித்தன.

மாதர் சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

முதல் வருடம் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. "என்ன தருவீங்க?" என்று கேட்டு வந்தவர்கள் மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிடுவார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். 20 பெண்கள் கிழமைக்கு 100 ரூபா போட்டால் ஒரு கிழமைக்கு 2,000, ஒரு வருடத்தில் 1,04,000 ரூபா. இந்தக் காசு வெளியாருடையது அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிலேயே 5,000 ரூபா எடுக்கலாம், காதுத்தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. சிறு வட்டி வைத்தாலும் அந்த வட்டி சங்கத்துக்கே திரும்பி வரும். சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். சீட்டில் தாய்ச்சீட்டுக்காரி ஓடினால் எல்லாம் போச்சு. சங்கத்தில் வங்கிக் கணக்கு இருக்கும், காசு எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட கையெழுத்து வேண்டும், கணக்குப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். காட்ட மறுக்கிற சங்கமென்றால் விலகிவிடுங்கள், என் சொந்தக்காரி தலைவியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கிழமை லோன் கட்ட முடியவில்லை. ஐந்து கம்பனியில் எடுத்துவிட்டேன். என்ன செய்வது?

முதலில் உட்கார்ந்து மூச்சு விடுங்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

யுத்தம் முடிந்தபின் எங்கள் பக்கம் நுண்கடன் கம்பனிகள் வந்த வேகம் சொல்லி மாளாது. பிணை வேண்டாம், அடகு வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நின்றால் போதும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவள் வாசலில் நிற்பார்கள். கம்பனிக்காரர் குரலை உயர்த்தவே தேவையில்லை. அக்கம்பக்கம் பேசாமல் போன வீடுகள் எத்தனை!

வட்டிக் கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா எடுக்கிறீர்கள், "வருடத்துக்கு 24 வீதம்தான் அக்கா" என்கிறார். ஆக 62,000. அதை 52 கிழமையாகப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், ஆறு மாதத்தில் உங்கள் கையில் இருப்பது பாதி முதல்தான். வட்டியோ முழு 50,000க்கும் போட்டது. உண்மையான வட்டி வருடத்துக்கு 44 வீதத்துக்குக் கிட்ட வரும். இது நியாயமான கம்பனியின் கணக்கு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஒருவர் இதைவிடப் பல மடங்கு வட்டி வாங்கப்படுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே வருடம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று, பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட கட்டமுடியாத கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. 2021இல் பக்கத்துப் பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், கடன்பட்ட பெண்கள் கிழமைக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? எல்லாக் கடனையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது, மிச்சம் எவ்வளவு. புருஷனுக்குத் தெரியாத கடனையும் சேர்த்து. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள். கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். நுண்நிதிக் கம்பனிகளுக்கென்று 2016இன் 6ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாட்டைக் கேட்க மத்திய வங்கியில் ஒரு திணைக்களமும் இருக்கிறது. இரவில் வந்து வாசலில் குந்தியிருப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, அடையாள அட்டையைப் பிடித்து வைப்பது போன்றவை நடந்தால் பொலிசில் முறைப்பாடு போடலாம். கடிதம் எழுதி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிச் சங்கம் மூலம் பேசலாம். நான் கூடப் போன பல இடங்களில் கம்பனிகள் சம்மதித்தன, அவர்களுக்கும் காசு வந்தால் போதும். வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

ஒரு நிறுவனம் தையல் மெஷின் தருகிறதாம். பெயர் கொடுக்கலாமா?

உங்களுக்குத் தைக்கத் தெரியுமா? தைத்ததை யார் வாங்குவார்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் கொடுங்கள்.

பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் ஒரே நாளில் ஒரே ஊரில் பதினெட்டுப் பேருக்கு மெஷின் கொடுத்தது. ஊரில் இருப்பது நூற்றுச்சொச்சம் வீடு. ஜனவரியில் எல்லோரும் பள்ளி யூனிபோம் தைத்தார்கள், மாசியில் யாருக்கும் ஓர்டர் இல்லை. அடுத்த முறை நான் போனபோது ஒரு மெஷின்மேல் ரைஸ் குக்கர் இருந்தது, ஒன்று அடகில் இருந்தது, மூன்று விற்றுப்போயிருந்தன. ஆனால் படம் பிடித்துப் போட்ட அறிக்கையில் பதினெட்டுப் பேரும் "சுயதொழில் முயற்சியாளர்கள்". அந்த ஊரில் இன்றும் தைக்கிற ஒரே பெண், மெஷின் கிடைக்காமல் தானே பழைய மெஷின் ஒன்றை வாங்கியவர். உடுப்புத் திருத்துவது, சிப் மாற்றுவது, தலையணை உறை என்று எவரும் செய்ய விரும்பாத சில்லறை வேலைதான் அவருக்குச் சோறு போடுகிறது.

கோழிக்குஞ்சும் ஆடும் அப்படித்தான். தீனி, தடுப்பூசி, மேய்ச்சல் நிலம் எதையும் யோசிக்காமல் குஞ்சை மட்டும் கையில் கொடுத்தால் அது கீரிக்குத்தான் உதவி. வந்தவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ஆறு மாதத்துக்குப் பிறகும் வருவீர்களா?" பதில் இழுபட்டால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற தொழிலைத் தூக்கிவிட்ட திட்டங்கள் பிழைத்திருக்கின்றன. எருமைத் தயிர் போடுகிற பெண்கள் சிலர் சேர்ந்து முட்டியை மொத்தமாக வாங்கி, ஒரு வாகனத்தைப் பேசி, தயிரை நேரே டவுனுக்கு அனுப்பினார்கள். புதிதாகக் கற்க எதுவுமில்லை, இடைத்தரகர் மட்டும் இல்லாமல் போனார். இலாபம் அங்கேதான் இருந்தது.

நாங்கள் கடல் தொழில் செய்கிறவர்கள். முதலாளியிடம் வாங்கிய முற்பணம் தீரவே மாட்டேன் என்கிறது.

தீராதபடிதான் அது அமைந்திருக்கிறது. மாரியில் சாப்பாட்டுக்கும், கோடையில் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம். பதிலுக்கு மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. காகிதத்தில் வட்டியே இல்லை, எல்லாம் மீன் விலையில் கழிந்துவிடும். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. நடு மாரியில் கதவைத் தட்டினால் அரிசி தருகிறவரும் அவர்தான், வங்கி தருவதில்லை.

வெளியே வர இரண்டு வழி பார்த்தேன். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து முற்பணத்தை ஒரே தடவையில் அடைப்பது ஒன்று. கோடையில் ஒவ்வொரு பிடிப்பிலும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தில் போட்டு, மாரியில் மட்டும் எடுப்பது மற்றது. இரண்டாவது மெதுவான வழி, ஆனால் உறுதியானது. வீட்டுக்காரர் கையில் காசு தங்காதென்றால் புத்தகம் மனைவி பெயரில் இருக்கட்டும். இதைச் சொன்னதற்கு ஒரு ஐயா என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

கணவர் யுத்தத்தில் காணாமல் போனவர். இடம்பெயர்ந்ததில் பத்திரங்களும் போய்விட்டன. எங்கே தொடங்குவது?

பத்திரங்களிலிருந்து. சம்பூர்ப் பக்கம் 2006இல் ஊரை விட்டு ஓடியவர்கள் பலர் பத்து வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். பாயையும் பானையையும் தூக்கியவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்திருக்குமா? பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதை வைத்து அடையாள அட்டை எடுக்கலாம். அடையாள அட்டை வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால் அஸ்வெசும. இந்த வரிசையில் ஒரு படி விட்டாலும் அடுத்தது நடக்காது. செயலகமும் நிறுவனங்களும் சேர்ந்து நடமாடும் சேவை வைத்தால் அன்று வேலைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, போய் நில்லுங்கள். பல மாத அலைச்சல் ஒரே நாளில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் விடயத்தில், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் கொடுக்காதவர்களுக்காக 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம். அதை வைத்துக் காணி, வங்கி அலுவல்களைப் பார்க்கலாம். எடுப்பதால் தேடுவதைக் கைவிட்டதாக ஆகாது. எடுப்பதா வேண்டாமா என்று உங்களை யாரும் நெருக்கக்கூடாது.

மகன் ஓ.எல். சரியாகச் செய்யவில்லை. கடலுக்கு அனுப்புவதா?

அவனுக்கே கடல் பிடிக்குமென்றால் அது வேறு. இல்லையென்றால் தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா என்கிற பயிலுநர் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி மூன்றையும் விசாரியுங்கள். குளிரூட்டி திருத்தல், வயரிங், வெல்டிங், ஹோட்டல் வேலை போன்ற பாடங்களுக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அது வெளிநாட்டிலும் செல்லும். படிப்பு இலவசமாகவே இருந்தாலும் பஸ் காசுக்கு வழியில்லாமல் நின்ற பிள்ளைகளே அதிகம். உதவ நினைக்கிற ஊர்ச் சங்கங்களுக்கும் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: ஒரு பையனுக்கு ஆறு மாத சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், நூறு பேருக்குக் கொப்பி கொடுத்துப் படம் எடுப்பது பிறகு இருக்கட்டும்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தில் உதவி கேட்கலாமா?

தாராளமாக. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சில பள்ளிவாசல்களில், ஏழைகளுக்கென்று கொடுக்கிற கடமையான தர்மமான ஸகாத்தை ஆளுக்கு ஆயிரம் என்று பிரிக்காமல், கூட்டாகச் சேர்த்துச் சில குடும்பங்களுக்குக் கடை போடவோ ஆட்டோ வாங்கவோ கொடுக்கிறார்கள். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் ஸகாத் வாங்க வரக்கூடாது என்பது எண்ணம். அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் செலவழிக்கிற எங்கள் கோயில் சபைகளும் இதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ தெரியவில்லை.

பெயர் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் 2,000 ரூபா கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எந்தக் கொடுப்பனவுக்கும் பெயர் பதியக் கட்டணம் இல்லை. ஓ.டி.பி. இலக்கம், வங்கிக் கார்ட் எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

முதல் தடவை செயலகத்துக்குப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும், அவற்றின் போட்டோ பிரதி இரண்டிரண்டு. ஜீ.எஸ். தந்த வதிவிடச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கடைசி மின்சார பில், கிளினிக் கார்ட், நோயாளி இருந்தால் வைத்தியசாலைத் துண்டு. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மாரியில் நனைந்தால் திரும்ப எடுக்க ஒரு மாதம். படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. யாரிடம் கொடுத்தீர்கள், என்ன திகதி என்று கொப்பியில் எழுதுங்கள், ஒரு பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். பொதுமக்கள் தினம் எது என்று முதல் நாளே கேட்டு, முதல் பஸ்ஸிலேயே போங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களை அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகுக்குக் காத்திருந்தே எங்களுக்கு அரை நாள் போகும், இப்போது அந்தச் சாட்டு இல்லை. கைக்குழந்தை இருந்தால் பால் போத்தலையும், உங்களுக்கு இரண்டு பாண் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூப்பிடும்போது எப்படியும் பதினொரு மணியாகிவிடும்.